மேம்பாலத்துக்காக ஒரு ஹெட்

போன வாரம் நிவேதா ஒரு போட்டோ அனுப்பினாள். ஒரு ஸ்கூட்டரின் சிலிண்டர் ஹெட், கழற்றிய நிலையில். என்ஜினுக்குள் காற்று போகும் வழியில் டார்ச் அடித்து எடுத்த படம். கீழே ஒரு வரி: "தினேஷ் அண்ணா, உள்ள யாரோ சாம்பல் கலர்ல பட்டி பூசி வெச்சிருக்காங்க. சுரண்டி எடுத்துடட்டுமா?"

அப்போது நான் சிறுசேரியில் எங்கள் ஆபீஸ் கேன்டீனில் இட்லித் தட்டோடு உட்கார்ந்திருந்தேன். தட்டைத் தள்ளிவைத்துவிட்டுப் பதில் அடித்தேன். "கை வைக்காத. சனிக்கிழமை நானே வரேன்." அடுத்த நிமிடமே அவளிடமிருந்து, "பென்ஷனருக்கு ஏன் இவ்ளோ டென்ஷன்?"

பென்ஷனர் என்பது நான் முன்பு வேலை பார்த்த பட்டறை எனக்கு வைத்த பெயர். எனக்கு வயது முப்பத்திரண்டு. தலையில் ஒரு நரை கிடையாது. ஆனால் ஹெட் வேலையில் இருந்து நான் ஓய்வு பெற்றவன்தான், அதில் விளையாட்டு ஒன்றும் இல்லை. டை கிரைண்டர் என்று ஒரு கருவி இருக்கிறது. பேனா மாதிரி பிடிக்க வேண்டும். அதன் நுனியில் பல்லுப் பல்லாக ஒரு உலோகக் குமிழ் அசுர வேகத்தில் சுற்றும். அதை அலுமினியத்துக்குள் விட்டு, காற்றுப் பாதையை வேண்டிய வடிவத்துக்குச் செதுக்குவதுதான் எங்கள் பிழைப்பு. வருஷக்கணக்கில் அதைப் பிடித்ததில் என் வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும் மரத்துப் போய்விட்டன. குரோம்பேட்டையில் ஒரு டாக்டர் அந்த விரல்களைக் குண்டூசியால் குத்திப் பார்த்துவிட்டு, என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். இனிமேல் பார்க்காதீர்கள் என்றார். எனக்குப் பிரிவுபசார விழா அவ்வளவுதான்.

இப்போது மின்சார ஸ்கூட்டரின் மோட்டார் எப்போது எவ்வளவு இழுக்க வேண்டும் என்று புரோகிராம் எழுதும் வேலை. நல்ல வேலை, பிடித்திருக்கிறது. எங்கள் வண்டியில் வால்வு கிடையாது, போர்ட் கிடையாது, கையில் கரி ஒட்டாது. நிவேதா நான் படித்த அதே காலேஜில் படித்தவள். நான் விட்ட பெஞ்சில் இப்போது உட்கார்ந்து ஹெட் வேலை பார்க்கிறாள். அந்தப் பட்டி யார் பூசியது, ஏன் சுரண்டக் கூடாது என்று போனில் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்தி, "இதை எழுதிக் குடுங்கண்ணா, காலேஜ் மலர்ல போட்டுடலாம். இல்லன்னா எனக்கு அப்புறம் வர்றவன் சுரண்டிடுவான்" என்றாள். நியாயமாகத்தான் பட்டது. எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்ன விளக்கம், வண்டி ஓட்ட மட்டுமே தெரிந்தவர்களுக்காக. என்ஜினின் தலைப்பகுதிதான் சிலிண்டர் ஹெட். அதில் இரண்டு வால்வுகள், இரண்டு கதவுகள் மாதிரி. ஒன்று பெட்ரோல் கலந்த காற்றை உள்ளே விடும், மற்றது எரிந்த புகையை வெளியே விடும். கதவு வரைக்கும் காற்று வரும் நடைபாதைக்குப் பேர் போர்ட். கம்பெனியில் எல்லோருக்கும் பொதுவாக வார்த்து அனுப்புகிற அந்த நடைபாதையைச் சீர் செய்து, வால்வு உட்காரும் இடத்தைத் திருத்தினால் அதே என்ஜின் இன்னும் நன்றாக மூச்சு விடும். மூச்சு நன்றாக விட்டால் வேகம், இழுவை எல்லாம் கூடும். இதுதான் மொத்த விஷயம். மற்றதெல்லாம் கைப்பழக்கமும் பிடிவாதமும்.

நான் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தேன் என்பது பெரிய கதை இல்லை. மெக்கானிக்கல் படித்தேன், அரியர் வைத்தேன், முடித்தேன். என் வண்டியை வேகமாக்க வேண்டும் என்று கிழக்குத் தாம்பரத்தில் ஸ்டெல்லா அக்காவின் பட்டறைக்குப் போனேன். வண்டி வெளியே வந்தது, நான் வரவில்லை. முதல் வருஷம் முழுக்கக் கரி சுரண்டினேன், வால்வு தேய்த்தேன், திட்டு வாங்கினேன்.

ஸ்டெல்லா அக்காவும் மெக்கானிக்கல் படித்தவர்தான். அம்மா, அப்பா இரண்டு பேரும் பள்ளிக்கூட வாத்தியார்கள். அந்த வீட்டின் பழக்கமோ என்னவோ, அக்கா குரலை உயர்த்தியே நான் பார்த்ததில்லை. குரலைத் தாழ்த்துவார். தாழ்த்தினால் நாங்கள் பயப்படுவோம். எந்த ஹெட் வந்தாலும் அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசுவதற்கு முன் அது கழுவப்பட வேண்டும். நான் சேர்ந்த புதிதில், ஒரு ஹெட்டைக் கையில் வாங்கியவுடனே இது இப்படி ஆகியிருக்கிறது, அதனால்தான் அப்படி ஆகிறது என்று அடித்துவிட்டேன். அக்கா டப்பாவில் மண்ணெண்ணெயை ஊற்றி என் முன்னால் வைத்துவிட்டு, "முதல்ல கழுவு. அப்புறம் கருத்து சொல்லு" என்றார். கழுவினேன். நான் விரிசல் என்று சொன்னது எண்ணெய்க் கோடு.

அக்காவிடம் இன்னொரு வழக்கம் உண்டு. வேறு எந்தக் கடையிலும் நான் கண்டதில்லை. வண்டியோடு வருகிறவர்கள் எல்லோரும் எவ்வளவு பவர் கூடும் என்றுதான் கேட்பார்கள். அக்கா அதற்குப் பதில் சொல்ல மாட்டார். திருப்பி ஒன்று கேட்பார்: "எந்த இடத்துல வண்டி மேல கோவம் வருது?"

முக்கால்வாசிப் பேர் விழிப்பார்கள். யோசித்துச் சொல்லுவார்கள். மாடம்பாக்கம் ரோட்டில் கோயில் தாண்டி ஒரு வளைவு, அங்கே பஸ்ஸைத் தாண்ட முடியவில்லை. பள்ளிக்கரணை பக்கம் நேர் ரோட்டில் தம் கட்டவில்லை. இப்படி ஏதாவது. உடனே அக்கா ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு அந்த ஆளின் பின்னால் ஏறி உட்கார்ந்துவிடுவார். அந்த இடத்துக்கே போய், அந்தக் கோபம் எப்படி இருக்கிறது என்று பின் சீட்டில் இருந்து பார்த்துவிட்டு வந்த பிறகுதான் ஸ்பேனரைத் தொடுவார். ஒருமுறை ஒரு காலேஜ் பையனோடு போய்விட்டு நடு வழியிலேயே திரும்பி வந்தார். டயரில் காற்றுப் பிடித்து, ஏர் ஃபில்டரை மாற்றி அனுப்பிவிட்டார். ஹெட் வேலைக்கு ஆசையாக வந்த பையன் முகம் தொங்கிப் போயிற்று. "கோவம் போச்சா இல்லையா?" என்று கேட்டார். போச்சுக்கா என்றான். போயும் போயும் அதை ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறதே என்று இருந்தது அவனுக்கு.

எனக்கு அந்த நாட்களில் பின் சீட்டில் எல்லாம் நம்பிக்கை இல்லை. எனக்குத் தண்ணீரில்தான் நம்பிக்கை. பழைய வேக்குவம் கிளீனர் மோட்டார்களை ஒரு மரப்பெட்டிக்குள் அடைத்து, அதன் மேல் ஹெட்டை உட்கார வைத்து, போர்ட் வழியாகக் காற்றை உறிஞ்ச வைத்து, எவ்வளவு காற்று போகிறது என்று யூ வடிவக் கண்ணாடிக் குழாயில் சிவப்புத் தண்ணீர் ஏறுவதை வைத்து அளக்கும் ஒரு பெஞ்சை நானே கட்டியிருந்தேன். கொஞ்சம் செதுக்குவேன், பெஞ்சில் வைப்பேன், தண்ணீர் ஒரு கோடு கூட ஏறும். இன்னும் கொஞ்சம் செதுக்குவேன். அந்தக் கோடு ஏறும்போது வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அதைச் சம்பளமாகவே வாங்கிக்கொள்ளலாம். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓடுகிற பையன்களின் ஹெட்டெல்லாம் என் பெஞ்ச் ஏறித்தான் போகும். அவர்களுக்கு உள்ளே கண்ணாடி மாதிரி பளபளவென்று இருக்க வேண்டும், முகம் தெரிய வேண்டும். காற்று உள்ளே வரும் வழியை மட்டும் அக்கா பளபளப்பாக்க விடமாட்டார். எமரித் தாளின் கீறலோடு விட்டுவிடச் சொல்வார். ரொம்ப வழவழப்பாக இருந்தால் பெட்ரோல் துளி சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கும், கீறல் இருந்தால் உடைந்து காற்றோடு போகும் என்பார். பையன்களுக்கு அதில் வருத்தம்தான்.

இப்படி இருந்த இடத்துக்குத்தான் கோமதி டீச்சர் வந்தார்.

செம்பாக்கம் ஏரிக்கரைப் பக்கம் வீடு. மேற்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் இயற்பியல் டீச்சர். சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் பலமில்லை. கைத்தடி வைத்துக்கொண்டு நடப்பார். பின்னால் இரண்டு பக்கமும் கூடுதல் சக்கரம் வைத்த ஸ்கூட்டர். அந்த ஸ்கூட்டர் எங்கள் வாசலில் வந்து நின்றபோது சைலன்சர் சத்தம் கேட்டு நாங்கள் ஏதோ ரேஸ் வண்டி என்று எழுந்து வந்தோம். டீச்சர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு எங்களைப் பார்த்து, "என்ன, வண்டியைப் பாக்குறீங்களா, என்னைப் பாக்குறீங்களா?" என்றார்.

விஷயம் இதுதான். பக்கச் சக்கரங்களின் எடையால் வண்டி ஆரம்பத்தில் இருந்தே மந்தம். டீச்சருக்கோ வேகம் பிடிக்கும். ஷேர் ஆட்டோக்காரர்கள் எல்லாம் தன்னைத் தாண்டிப் போவது அவருக்குப் பொறுக்கவில்லை. வேறு ஒரு கடையில் கொடுத்து ஹெட்டைப் பெரிதாக்கி, பெரிய கார்புரேட்டர் மாட்டி, உள்ளே பெல்ட்டின் இழுப்பை மாற்றும் ரோலரையும் மாற்றியிருந்தார். வேளச்சேரி ரோட்டில் வண்டி பறந்தது. அந்தக் கடையைக் குறை சொல்ல மாட்டேன், செதுக்கியிருந்தது நல்ல கை. ஆனால் கிழக்கில் இருந்து மேற்குக்கு ரயில்வே லைனைத் தாண்டிப் போகிற மேம்பாலம் ஒன்று இருக்கிறதே, அதன் ஏற்றத்தில் நெரிசலில் நின்றுவிட்டால் வண்டி மறுபடி கிளம்புவதில்லை. நம்மைப் போல் இறங்கித் தள்ள டீச்சரால் முடியாது.

அக்கா வழக்கமான கேள்வியைக் கேட்டார். டீச்சர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ஏறுங்க, காட்டுறேன்" என்றார்.

அக்கா பின்னால் உட்கார, நான் என் வண்டியில் தொடர்ந்தேன். காலை நேரம், பாலத்தில் பாதி ஏற்றத்தில் முன்னால் ஒரு பஸ் நின்றது. எல்லாம் நின்றன. பஸ் நகர்ந்ததும் டீச்சர் ஆக்ஸிலேட்டரைத் திருகினார். என்ஜின் ஓலமிட்டது, வண்டி அசையவில்லை. இன்னும் திருகினார். ஒரு இருமல், அணைந்தது. பின்னால் ஹாரன்கள். அக்கா குதித்து இறங்கித் தள்ள, நான் வண்டியை ஓரமாகப் போட்டுவிட்டு ஓடினேன், இரண்டு பையன்களும் கை கொடுத்தார்கள். ஒரு கார்க்காரர் கண்ணாடியை இறக்கி, இந்த மாதிரி வண்டியையெல்லாம் பாலத்தில் ஏற்றலாமா மேடம் என்று அக்கறையாகவே கேட்டுவிட்டுப் போனார். டீச்சர் திரும்பவே இல்லை. தலையை நேராக வைத்து, காலி ரோட்டில் ஓட்டுகிற மாதிரி ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உச்சிக்கு வந்த பிறகுதான் பேசினார்.

"இங்கதான் ஸ்டெல்லா."

பட்டறைக்குத் திரும்பி டீ குடிக்கும்போது மீதியைச் சொன்னார். அவருடைய அண்ணன் ஏழுமலை, ஊரில் நிலம் வைத்திருப்பவர், தங்கை மேல் உயிர். பாலத்தில் வண்டி நின்ற கதை அவர் காதுக்குப் போய்விட்டது. பள்ளி வேனில் இடம் சொல்லிவிட்டார். ஸ்கூட்டரை வாங்கவும் ஆள் பார்த்துவிட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு சாயந்திரம் வந்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. வேனில் போனால் என்ன டீச்சர் என்று நான் கேட்டேன்.

"படி உசரம் தம்பி. தினம் ரெண்டு பேர் என்னைத் தூக்கி வைக்கணும். நான் பாடம் எடுக்குற பசங்க ஜன்னல் வழியா பாத்துக்கிட்டு இருப்பாங்க." டீயை ஒரு மிடறு குடித்தார். "பழைய மாதிரியே ஆக்கிக் குடுங்கன்னு கேக்க வரலை. பழசும் ஏறத் திணறும், பின்னாடி ஆள் இருந்தா சுத்தமா ஏறாது. எனக்குப் பாலமும் ஏறணும், வேகமும் வேணும்."

ஹெட்டைக் கழற்றினோம், கழுவினோம். போர்ட்டுக்குள் ரப்பர் கலவையை ஊற்றி, உறைந்ததும் உருவி எடுத்தோம். அதே மாடல் பழைய ஹெட் ஒன்று கிடந்தது, அதிலும் ஊற்றி எடுத்தோம். இரண்டு வார்ப்பையும் மேஜை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், கம்பெனி போர்ட் சுண்டுவிரல் மாதிரியும் டீச்சருடையது கட்டைவிரல் மாதிரியும் இருந்தது. நான் ஹெட்டை என் பெஞ்சில் ஏற்றினேன். தண்ணீர் குழாயில் அப்படி ஏறியது. அந்த அளவு ஸ்கூட்டரில் அதுவரை நான் பார்க்காத ஏற்றம். டீச்சர் கைத்தடியை ஊன்றிக் குனிந்து அந்தக் குழாயைப் பார்த்தார்.

"இது எவ்வளவு காத்து போகுதுன்னு சொல்லுது. எவ்வளவு வேகமா போகுதுன்னு எது சொல்லும்?"

நான் வாயைத் திறந்தேன். அவரே தொடர்ந்தார். "ஹோஸ் பைப் வாயை விரலால அமுக்கினா தண்ணி தூரமா பாயுது. இவங்க வாயை அகலமாக்கிட்டாங்க. வண்டி மெதுவா சுத்தும்போது காத்து சோம்பேறி மாதிரி வருது, அப்படித்தானே?"

அப்படியேதான். வேகமாகச் சுற்றும்போது பெரிய பாதை நல்லது, நிறைய காற்று வேண்டும். ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது என்ஜின் மெதுவாகத்தான் சுற்றுகிறது. அப்போது பெரிய பாதையில் காற்று தவழ்ந்து வரும், பெட்ரோல் சரியாகக் கலக்காமல் சுவரில் வழியும், உள்ளே சரியாக எரியாது. எங்கள் தொழில்காரர்கள் மட்டுமே செய்கிற தப்பு இது. பெரிதாக்கினால் நல்லது என்று பெஞ்ச் சொல்லும், ரோடு வேறு சொல்லும். எனக்கு அது புத்தகத்தில் தெரியும். அன்றைக்கு முதுகில் தெரிந்தது, பாலத்தில் தள்ளியதால்.

ஆக, போர்ட்டைச் சின்னதாக்க வேண்டும். செதுக்கிய அலுமினியத்தைத் திரும்ப எப்படி வைப்பது? அக்கா வெல்டிங் வைத்து நிரப்பிச் செதுக்கலாம் என்றார். கிடந்த பழைய ஹெட்டில் முயன்று பார்த்தோம். குறுகிய போர்ட்டுக்குள் வெல்டிங் நுனி போகாமல், வைத்த உலோகம் பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாக நின்றது. சூட்டில் வால்வு சீட் வளையமும் தளர்ந்துவிட்டது. அந்த வழி அடைபட்டது.

நான் பட்டி சொன்னேன். உலோகத்தூள் கலந்த இரண்டு பாகப் பசை. கலந்து பூசினால் கல் மாதிரி இறுகும், பெட்ரோல் தின்னாது. புகை போகும் பக்கத்தில் சூடு தாங்காது, ஆனால் காற்று வரும் பக்கத்தில் தாங்கும். ரேஸ் பண்ணுகிறவர்கள் செய்கிறார்கள். அக்கா குரலைத் தாழ்த்தினார். முன்பு ஒரு ரேஸ் வண்டியில் யாரோ பூசிய பட்டி ஒரு துண்டு பெயர்ந்து உள்ளே விழுந்து வால்வை வளைத்ததைத் தான் பார்த்திருப்பதாகச் சொன்னார்.

"அன்னைக்கு வண்டி டிராக்ல நின்னுச்சு, ரைடர் நடந்து வந்தான். டீச்சர் நடந்து வர மாட்டாங்க, தினேஷ்."

செய்து காட்டுவது ஒன்றுதான் வழி. அந்தப் பாழான ஹெட்டையே எடுத்தேன். போர்ட்டின் தரையில், வாய் குறுகி உள்ளே அகலமாக இருக்கும்படி சாய்வான காடிகள் வெட்டினேன். பட்டி அதற்குள் போய் இறுகினால், பசை விட்டுப்போனாலும் வடிவம் பிடித்துக்கொள்ளும். எண்ணெய்ப் பிசுக்கு ஒரு துளி இல்லாமல் கழுவி, தின்னரில் துடைத்து, பூசினேன். அக்காவின் அம்மா கிறிஸ்துமஸ் கேக் சுட்ட பழைய ஓவன் ஒன்று பட்டறையில் கிடந்தது. அதில் மெல்லிய சூட்டில் வைத்து இறுக்கினேன். பெட்ரோல் டப்பாவில் நாள் கணக்கில் ஊறப் போட்டேன். சுட வைத்தேன், ஆற வைத்தேன், மறுபடி சுட வைத்தேன். அக்காவின் அம்மா வந்து பார்த்துவிட்டு, அந்த ஓவனில் இனி ஜென்மத்துக்கும் கேக் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வார வெள்ளிக்கிழமை அந்த ஹெட்டை அக்கா முன்னால் வைத்து, பெயர்த்துக் காட்டுங்கள் என்றேன். அக்கா உளி எடுத்தார். சுத்தி எடுத்தார். அடித்த அடியில் அலுமினியம் சில்லு சில்லாகத் தெறித்தது. பட்டி, உளி பட்ட கீறலோடு அப்படியே உட்கார்ந்திருந்தது. அக்கா நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "சரி. டீச்சர் ஹெட்டைக் கழுவு" என்றார். ஏற்கெனவே கழுவியிருந்த ஹெட்தான். மறுபடி கழுவினேன்.

அடுத்து வந்த நாள்களைப் போல் நான் வேலை பார்த்ததில்லை. காடி வெட்டி, பூசி, இறுக்கி, அதன் மேல் கையால் எமரி போட்டு வடிவம் கொண்டு வந்தேன். தரையை உயர்த்தினேன், கூரையைத் தொடவில்லை. காற்று வளைவில் திரும்பும்போது தடுமாறாமல் நேராக வால்வின் முதுகில் போய் விழ வேண்டும். உள்ளே கண் போகாது. சுண்டுவிரலை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு தடவித்தான் பார்க்க வேண்டும். எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று விரல் சொல்லும். இதை எழுதும்போதும் அந்தச் சொரசொரப்பு சுண்டுவிரலில் இருக்கிறது. அந்த விரல் நல்லவேளையாக மரத்துப் போகவில்லை.

அக்கா வால்வு சீட்டைத் தானே எடுத்துக்கொண்டார். மூன்று கோணத்தில் வெட்டி, வால்வு உட்காரும் வளையத்தை மெல்லிய கோடாக்கி, அரைக்கும் பேஸ்ட் வைத்து, வால்வில் ஒட்டிய குச்சியை உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்டி உருட்டித் தேய்த்தார். மோர் கடைகிற மாதிரி இருக்கும். பிறகு போர்ட்டில் பெட்ரோல் ஊற்றி, வால்வு ஓரம் கசிகிறதா என்று காத்திருந்தார். கசியவில்லை. ஹெட்டின் முகத்தை ஒரு மயிரிழை சீவி, பியூரெட்டில் எண்ணெய் சொட்டுச் சொட்டாக விட்டு உள்ளே எவ்வளவு பிடிக்கிறது என்று அளந்து, அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார். சின்ன கார்புரேட்டர் திரும்ப வந்தது. என் பெஞ்சில் வைத்தபோது சிவப்புத் தண்ணீர் முன்பைவிட நன்றாகவே கீழே நின்றது. நான் செய்த வேலையில் தண்ணீர் இறங்கியது அதுதான் முதல் தடவை. அக்கா என்னைப் பார்த்தார். நான் குழாயை ஒரு துணியால் மூடினேன்.

கெடு வைத்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா சர்ச்சிலிருந்து பட்டுப்புடவையோடு நேராகப் பட்டறைக்கு வந்தார். டீச்சரும் அண்ணனும் வந்திருந்தார்கள். ஏழுமலை நல்ல ஆகிருதி, வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. வண்டியை எடுத்துப் போக வந்தவர். "இன்னா மேடம், அதான் ஆளு சாயங்காலம் வர்றான்னு சொல்ட்டனே. எதுக்கு இத்தப் போயி நோண்டிகினு கீறீங்க?" என்றார். அக்கா சாந்தமாகச் சொன்னார்.

"வித்துக்கோங்க சார். ஒரு தடவை பின்னாடி உட்கார்ந்துட்டு வித்துக்கோங்க."

"யாரு, நானா?"

"எப்பவும் நான்தான் உட்காருவேன். இன்னைக்குப் புடவை."

ஏழுமலை உட்கார்ந்ததும் ஸ்கூட்டரின் பின்பக்கம் அமுங்கியது. நாங்கள் கணக்குப் போட்டது அக்காவின் எடைக்கு. அதே பட்டுப்புடவையோடு அக்கா என் பின்னால் ஏறிக்கொள்ள, நான் தொடர்ந்தேன். ஞாயிறு ஆனதால் பாலம் காலியாக இருந்தது, நெரிசல் இல்லை, நிற்க வேண்டிய அவசியமே இல்லை. சரி, தப்பித்தோம் என்று நினைத்தேன். ஏற்றத்தின் சரிபாதியில் டீச்சர் பிரேக் அடித்து நிறுத்தினார்.

நானும் பின்னால் நிறுத்தினேன். பேசுவது காதில் விழுந்தது.

"இன்னாத்துக்கு கோமு நிறுத்தின? பின்னால லாரி வருது."

"நின்னுதான் கிளம்பணும்ணா. அதுக்குத்தானே வந்தோம்."

"சர்தான், கெளம்பு."

டீச்சர் கிளம்பவில்லை. "நீ இறங்குறியா?" என்றார்.

"நான் இன்னாத்துக்கு எறங்கணும்?"

"தள்ள."

ஏழுமலை தங்கையின் தோளை இறுக்கிப் பிடித்தார். அக்கா என் தோளைப் பிடித்திருந்ததும் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. டீச்சர் ஆக்ஸிலேட்டரைத் திருகினார். ஓலம் இல்லை. அடித்தொண்டையில் ஒரு உறுமல், அவ்வளவுதான். நான்கு சக்கரமும் ஒன்றாக நகர்ந்தன. அவசரமில்லாமல், நின்றதே இல்லை என்பது மாதிரி ஸ்கூட்டர் ஏறிக்கொண்டே போயிற்று. நான் கியர் போட மறந்து அங்கேயே நின்றிருந்தேன். அக்கா முதுகில் தட்டினார், "போடா" என்றார். குரல் தாழ்ந்துதான் இருந்தது, ஆனால் வேறு மாதிரி.

மேற்குப் பக்கம் இறங்கி ஓரமாக நிறுத்தியிருந்தார்கள். ஏழுமலை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். "வண்டி இல்லபா. இன்னா? இல்ல, விக்கல. வூட்ல ஓட்டிகினு கீறாங்க." போனைப் பையில் போட்டுவிட்டு எங்களைப் பார்த்து, சத்தம்தான் குறைந்துவிட்டது என்று ஒரு குறை சொன்னார்.

டீச்சர் அடுத்த வாரமே வந்தார், வேளச்சேரி ரோட்டில் வேகம் ஒரு பிடி குறைகிறது என்ற புகாரோடு. அக்கா மறைக்கவில்லை. "ரெண்டும் வேணும்னு கேட்டீங்க டீச்சர். ஒண்ணரை குடுத்திருக்கோம்" என்றார். டீச்சர் சிரித்துவிட்டுப் போனார். வேன் பேச்சு அதோடு முடிந்தது. தினமும் காலையில் அந்த உறுமல் பட்டறையைத் தாண்டிப் பாலத்துப் பக்கம் போகும். நான் வேலையை விடுகிற வரை, கையில் என்ன இருந்தாலும், அந்தச் சத்தத்துக்கு ஒரு நொடி கிரைண்டரை நிறுத்துவேன்.

சொன்னபடி போன சனிக்கிழமை ஆபீஸ் வண்டியிலேயே, அதாவது எங்கள் மின்சார ஸ்கூட்டரிலேயே, தாம்பரம் போனேன். அக்கா ஒரு கல்யாணத்துக்கு நாகர்கோவில் போயிருந்தார். நிவேதா டீச்சரின் ஹெட்டை மேஜை மேல் வைத்திருந்தாள். புகை வருகிறதென்று வால்வின் எண்ணெய் சீல் மாற்றக் கழற்றியது. அந்த வேலை முடிந்திருந்தது. சுண்டுவிரலை உள்ளே விட்டேன். கண்ணை மூடினேன். ஒரு பெயர்ப்பு இல்லை, ஒரு விரிசல் இல்லை. எமரிக் கீறல்கூட நான் விட்ட திசையிலேயே இருந்தது.

நிவேதா பொறுமை இல்லாமல் நின்றிருந்தாள். பட்டியை எடுக்கவில்லை, சரி, ஆனால் கூரைப் பக்கம் ஒரு துளி திறந்தால் மேலேயும் வேகம் கிடைக்கும் என்றாள். கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்திருக்கிறாள், படம் காட்டினாள். நல்ல யோசனை. என் காலத்தில் எனக்குத் தோன்றாத யோசனை. டீச்சரிடம் எங்கே கோபம் வருகிறது என்று கேட்டாயா என்றேன். கேட்கவில்லை என்றாள்.

டீச்சர் உள்ளேதான் உட்கார்ந்திருந்தார். முடி முன்பக்கம் வெளுத்திருந்தது. நிவேதா போய் நேராகக் கேட்டாள். டீச்சர் அவளைப் பார்க்காமல் வாசலில் நிற்கும் என் வண்டியைப் பார்த்தார்.

"இப்ப பாலத்துல கோவமே இல்ல. அந்த மாதிரி ஒண்ணு சத்தமில்லாம பக்கத்துல வந்து, சத்தமில்லாம தாண்டிப் போகுது பாரு. அங்கதான் வருது."

அன்றைக்கே நிவேதா கூரைப் பக்கத்தை, அவள் சொன்ன ஒரு துளி மட்டும், திறந்தாள். நான் விரலை விட்டுப் பார்த்தேன், அவள் வேறெதிலும் கை வைக்கவில்லை. வண்டியைப் பூட்டிக் கிளப்பியதும் அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு டீச்சரின் பின்னால் ஏறினாள், யாரும் சொல்லாமலே. டீச்சர் என்னைப் பார்த்து, "நீங்க முன்னாடி போங்க தம்பி" என்றார்.

போனேன். பாலத்தின் ஏற்றத்தில் என் மோட்டார், நானே எழுதிய புரோகிராமின்படி, சத்தமில்லாமல் நன்றாகத்தான் இழுத்தது. பின்னால் இருந்து அந்த உறுமல் வந்தது. கண்ணாடியில் டீச்சரின் ஹெல்மெட் பெரிதாகிக்கொண்டே வந்தது, அதற்குப் பின்னால் நிவேதாவின் ஹெல்மெட்டும். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் இரண்டும் என் வலது பக்கமாகத் தாண்டிப் போயின. நான் வேகத்தைக் குறைத்துவிட்டேன் என்று நிவேதா இன்றுவரை சொல்கிறாள். நான் குறைக்கவில்லை.